பாதிக் கரண்டி

ஜனவரி 29, செவ்வாய்

இன்று வேறொருவருடைய காலணியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐம்பத்துநான்கு வயது ஆள். ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கலாம் என்று இந்தத் தீவுக்கு வந்து இருபத்தேழு குளிர்காலம் ஆயிற்று. அருங்காட்சியக வாசலில் இருக்கும் காலணி அலமாரியைத் தினமும் அடுக்கி வைப்பவனே நான்தான். அப்படியும்.

பாலம் தாண்டும்போதே சந்தேகம் வந்தது. கால் குளிரவில்லை. என் காலணி என்றால் பாலத்தின் நடுவிலேயே வலது கட்டைவிரல் என்னிடம் விடைபெற்றுவிடும். குனிந்து பார்க்கப் பயந்து அப்படியே நடந்தேன். வீட்டில் விளக்கடியில் பார்த்தால் பழுப்புத் தோல், உள்ளே ஆட்டு ரோமம், நாற்பத்துமூன்றாம் அளவு, புத்தம் புதுசு. என்னுடையதும் நாற்பத்துமூன்றுதான். மற்றபடி ஓர் ஒற்றுமையும் கிடையாது.

உடனே திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். போகவில்லை. ஏன்? சூடாக இருந்தது.

இதைத் திருட்டு என்று எழுத மாட்டேன். தாமதம்.

ஜனவரி 30, புதன்

ரப்பர் பூட்ஸில் வேலைக்குப் போனேன். அலமாரியில் என் கறுப்பு ஜோடி இல்லை.

பழைய சுரங்க உணவுக்கூடத்தின் ஒரு பாதி அருங்காட்சியகம், மறுபாதி சோம்ஜாயின் காபிக்கடை. இரண்டுக்கும் ஒரே வாசல், ஒரே காலணி அலமாரி. சோம்ஜாய் தாய்லாந்திலிருந்து இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம். ஊரில் யார் தும்மினாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும், எனக்கு இரண்டாவதாக.

"அண்ணே, நேத்து ஒரு அம்மா வந்து உங்க கண்ணாடிப் பெட்டியெல்லாம் ஒண்ணரை மணி நேரம் பார்த்துச்சு. நீங்க எங்க போயிருந்தீங்க?"

"பின்னாடி ரூம்ல ஆவணம் படிச்சிட்டிருந்தேன்."

"குறட்டை விட்டுப் படிச்சீங்களா?"

குனிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினேன்.

"போகும்போது அந்த அம்மா ஒரு மாதிரி நடந்துச்சு. கால் சுட்ட வாத்து மாதிரி. போட்டிருந்த ஷூவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துச்சு எனக்கு."

அந்த அம்மா யார் என்பதையும் அவளே சொன்னாள். சிக்னே ஹோல்ம்போ. கடலுக்கு அந்தப் பக்கம், பிரதான நிலத்திலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஸ்கார்வ்தால் மாதிரி சின்ன ஊருக்கு வருடம் முழுக்க ஓர் அருங்காட்சியகம் தேவையா, அல்லது மூடிவிட்டுப் பெட்டிகளைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோய்விடலாமா என்று அறிக்கை எழுத வந்தவள். ஐந்து வாரம் தங்குவாள்.

அருங்காட்சியகம் என்றால் நான். நான் என்றால் வேலையோடு வந்த வீடு. இங்கே வேலை இருக்கும்வரை நீ ஊர்க்காரன். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் அடுத்த விமானத்தில் நீயும் போக வேண்டும். யாரையும் குறை சொல்வதற்கில்லை, எல்லாருக்கும் இதே கதைதான். ஆனால் எனக்கு அங்கே, பிரதான நிலத்தில், என்ன இருக்கிறது? ஒரு முன்னாள் மனைவி, ஒரு பல் மருத்துவர். இருவருமே என்னைப் பார்க்க விரும்புவதில்லை.

சரி. என் தலைவிதியை எழுத வந்தவள் என் காலணியில் நடந்துகொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 1, வெள்ளி

சந்திப்பு. இந்த ஊரில் எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் காலுறையோடுதான் நிற்க வேண்டும். அதனால் இங்கே அதிகாரத்துக்கு எப்போதும் மரியாதை கொஞ்சம் குறைவு. இன்று குறைந்தது என் மரியாதை. என் இடது பெருவிரல் காலுறைக்கு வெளியே நின்று அவளை வரவேற்றது.

சிக்னே நல்ல உயரம். நாற்பத்துமூன்றாம் அளவுக்கு உரிய உயரம். என் கறுப்புக் காலணியைக் கழற்றி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலமாரியில் வைத்தாள். நான் காலணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இருவரும் வானிலை பற்றிப் பேசினோம்.

கேட்டிருக்கலாம். ஆனால் எப்படி? "அம்மா, நீங்க போட்டிருக்கற நாத்தம் என்னுடையது" என்றா?

பிறகு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். திமிங்கில வேட்டைக்காரர்களின் கம்பளித் தொப்பி. ரஷ்ய வேடர்களின் சதுரங்கக் காய். சுரங்கக் கம்பெனி கொண்டுவந்த முதல் குதிரையின் லாடம். எல்லாவற்றுக்கும் தலையாட்டி நகர்ந்தாள். ஒலுஃபினா பலகைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். வாய்விட்டுப் படித்தாள்:

"1923. உணவுக்கூடச் சமையல்காரி ஒலுஃபினா தாங்கென் ஒரு நாள் வாசலில் கரண்டியோடு நின்றாள். நிலக்கரி பூசிய காலணியைக் கழற்றாமல் ஒருவனும் உள்ளே வரக்கூடாது என்றாள். நூற்றுப்பத்து ஆண்கள் குனிந்தார்கள். இந்த ஊரின் முதல் சட்டம் ஒரு பெண் போட்டது."

அப்புறம் சொன்னாள்: "மலைக்கு ஆம்பளை பேரு, பனிக்கட்டி ஆற்றுக்கு ஆம்பளை பேரு, சுரங்கத்துக்கு ஆம்பளை பேரு. இங்க ஒரு பொம்பளை இருந்திருக்கா. இதுதாங்க என் அறிக்கை. இதை எங்கேர்ந்து எடுத்தீங்க? ஆதாரம் ஒரு வரி போதும்."

"தேடித் தர்றேன்" என்றேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

இந்த நோட்டு என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. எனவே எழுதலாம்.

ஒலுஃபினா தாங்கென் என்று யாரும் இல்லை.

பத்தொன்பது வருடம் முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கண்காட்சி திறக்க ஒரு நாள் இருக்கும்போது சுவரில் ஒரு பலகை காலியாக இருந்தது. ஏதாவது எழுத வேண்டும். காலணி கழற்றுவது எப்படி ஆரம்பித்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிலக்கரித் தூசிதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தூசியைப் பற்றி எத்தனை வரி எழுத முடியும்? ஒலுஃபினா என்பது என் பெரியம்மா வீட்டுப் பசுவின் பெயர். உதைக்கும். தாங்கென் என்பது அன்று மத்தியானம் நான் சாப்பிட்ட மீன் உருண்டை டப்பாவில் இருந்த பெயர். கரண்டியைப் பிறகு கப்பலில் வந்த ஒரு பழைய சாமான்காரனிடம் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

யாராவது கேட்பார்கள், சிரித்துவிட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டார்கள். பாலத்திலிருந்து போகும் சந்துக்கு அவள் பெயர் வைத்தார்கள். சோம்ஜாய் பன்னிரண்டு வருடம் முன்னால் கடைக்கு 'ஒலுஃபினா' என்று பெயர் மாற்றி, கரண்டிப் படம் போட்ட மஞ்சள் காகிதக் கைத்துடைப்பு பத்தாயிரம் அச்சடித்தாள். சாயம் உதட்டில் ஒட்டுகிறது என்று அந்தக் கோடையே பெரிய ரகளை. தீர்ந்ததும் வெறும் வெள்ளைக்கு மாறிவிட்டாள்.

ஏன் இப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று யோசித்திருக்கிறேன். இந்தத் தீவில் யாருக்கும் முன்னோர் கிடையாது. திமிங்கிலம் தேடி வந்தவன் போய்விட்டான், நரித்தோலுக்கு வந்தவன் போய்விட்டான், நிலக்கரிக்கு வந்தவனும் போய்விட்டான். இங்கே யாரும் பிறப்பதில்லை, யாரையும் புதைப்பதும் இல்லை. வந்த எல்லாரும் திரும்பிப் போகும் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வாசலில் நின்று அதட்ட ஓர் ஆள் கிடைத்தால் விடுவார்களா?

நல்ல விளக்கம். அதனால் பொய் உண்மையாகிவிடாது.

பிப்ரவரி 6, புதன்

கிடங்கில் உணவுக்கூடப் பெட்டிகள் ஆறு. ஐந்தில் ரசீது. ஆறாவது பெட்டியை இத்தனை வருடத்தில் நான் தொட்டதே இல்லை. கயிற்று முடிச்சு என் முடிச்சு மாதிரியே கோணலாக இருந்தது. அந்தக் காலத்திலும் என்னைப் போல ஒருவன் இருந்திருக்கிறான் என்று கொஞ்சம் ஆறுதல்.

உள்ளே உணவுக்கூடத்தின் புகார்ப் புத்தகம். 1922 முதல் 1925 வரை. எல்லாம் பென்சில். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"ரொட்டியை உடைக்க வெடிமருந்து கேட்டேன். தரவில்லை."

"கஞ்சியில் ஒரு பொத்தான். என்னுடையது இல்லை."

"மறுபடி கடல்நாய்க் கறி. நாங்கள் என்ன செய்தோம்?"

பிறகு, 1923 நவம்பர் 14:

"நேற்றும் நான்கு ஜோடி மாறிப்போயின. ஒருவன் இரண்டு இடது காலோடு சுரங்கத்துக்குள் போனான். அந்தப் பயத்தில் பாதிப் பேர் கழற்றுவதே இல்லை. இன்று முதல் காலணியோடு உள்ளே வருபவருக்குச் சூப் கிடையாது. வாசலில் தவறிப் போட்டுக்கொண்டவன் தேடி அலைய வேண்டாம். உரியவன் வந்து கேட்க வேண்டும். கேட்க வெட்கப்படுகிறவன் அப்படியே நடக்கட்டும். உத்தரவு: சமையல்கா"

அதற்குமேல் காபிக் கறை.

எங்கள் மொழியில் வினைச்சொல் ஆண் பெண் பார்க்காது. பெயர்ச்சொல்லின் வாலில் இருக்கும் எழுத்துதான் காட்டிக்கொடுக்கும். அந்த வால்மீது எவனோ நூறு வருடம் முன்னால் காபியைக் கொட்டியிருக்கிறான்.

ஆக, சட்டம் உண்மை. வருடம் உண்மை! 1923 என்று நான் குத்துமதிப்பாகப் போட்டது. சமையல்காரரும் உண்மை. பாக்கி ஒரே ஓர் எழுத்து.

பிப்ரவரி 7, வியாழன்

பூதக்கண்ணாடி. 'ரி' மாதிரி இருக்கிறது.

கண்ணைச் சுருக்கினால் 'ரன்' மாதிரியும் இருக்கிறது.

கண்ணை மூடினால் என் வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதன் வழியே தெரியும் கடலும்.

பிப்ரவரி 8, வெள்ளி

வரியைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து சிக்னேயிடம் கொடுத்தேன். "உத்தரவு: சமையல்காரி."

கறை பற்றிச் சொன்னேனா? "பக்கம் கொஞ்சம் பழுதாகியிருக்கு" என்றேன். அது உண்மைதானே.

அவள் முகம் மலர்ந்தது. என் காலணியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவள் வாசல் தாண்டியதும் சோம்ஜாய் கேட்டாள், "இன்னுமா கேக்கலை ரெண்டு பேரும்?"

"கேட்பாங்க."

"அந்த அம்மா தினமும் காலைச் சூடான தண்ணியில வெச்சிட்டு உக்காந்திருக்காம். விடுதியில சொன்னாங்க."

பிப்ரவரி 12, செவ்வாய்

மலை உச்சியில் மட்டும் இளஞ்சிவப்பு. கீழே நமக்கு இன்னும் நீலம்தான்.

பிப்ரவரி 14, வியாழன்

அறிக்கையின் முதல் பகுதியைப் படித்துக் காட்டினாள். 'வடதுருவத் தீவில் ஒரு பெண்ணின் சட்டம்' என்று தலைப்பு. அருங்காட்சியகத்தை மூடக்கூடாது என்பதற்கு முதல் காரணம் ஒலுஃபினா. இரண்டாவது காரணம் ஒலுஃபினா. மூன்றாவதாகக் குதிரை லாடம்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது சொன்னாள்: "பிரதான நிலத்துப் பத்திரிகைக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கேன். அவங்க வம்சத்துல யாராவது இருந்தா தொடர்பு கொள்ளட்டும்னு."

வம்சம். கன்றுக்குட்டிகள் மூன்று இருந்தன, எனக்குத் தெரிந்து.

பிப்ரவரி 18, திங்கள்

யாரும் எழுதவில்லை. நல்லது.

பிப்ரவரி 25, திங்கள்

எழுதிவிட்டார்கள்.

உன்னி தாங்கென். வயது அறுபது, பேருந்து ஓட்டுநர். சிக்னேக்கு வந்த கடிதத்தை அவள் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். மடித்து இங்கேயே வைத்திருக்கிறேன். "என் அப்பாவின் அத்தை 1922இல் வடக்கே வேலைக்குப் போனவர். ஒரு கடிதம் வந்தது, பிறகு இல்லை. பெயர் ஒலுஃபினாவா ஒலியானாவா என்று எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி. கிறிஸ்துமஸுக்குக் கூடினால் சண்டை. அப்பா சாகும்வரை தபால்காரரைப் பார்த்தால் வாசலுக்கு வருவார். இப்போது தெரிந்துவிட்டது. அவர் அங்கே நன்றாக இருந்திருக்கிறார், அதட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நாங்கள் பதினேழு பேர் கோடையில் வருகிறோம். ஒரு கல் வைக்க அனுமதி கிடைக்குமா?"

சிக்னே அழுதாள். நானும் கண்ணைத் துடைத்தேன். அவளுக்கு என் கண்ணீர் பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை.

பதினேழு பேர். ஒரு பசுவுக்குக் கல் வைக்க.

பிப்ரவரி 27, புதன்

ஹால்வோரோடு பனிவண்டியில் மேல் சுரங்கம் வரை போனேன். சுரங்கம் இருந்த காலத்தில் ஒரே ஷிஃப்டில் இருந்தோம். இப்போது அவன் பனி தள்ளுகிறான், நான் கதை தள்ளுகிறேன். துப்பாக்கி அவன் தோளில். கரடி இல்லை, ஒரு கலைமான் மட்டும் எங்களைப் பார்த்து முகம் சுளித்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து சிரித்து வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

"டேய் பேராசிரியரே, என் பொண்ணு பள்ளிக்கூடத்துல ஒலுஃபினா வேஷம் போட்டாடா! கரண்டியால என்னையே அடிச்சா!"

"தெரியும்."

"அப்ப அவ பசு வேஷமா போட்டா?"

"நிறுத்துடா. நான் என்ன பண்றது?"

சிரிப்பை நிறுத்தினான். "சொன்னா உன் வேலை போகும். சொல்லலைன்னா அந்தப் பதினேழு பேரையும் படகுத்துறையிலேர்ந்து நான்தான் ஏத்திட்டு வரணும். ஏத்திட்டு வர்றேன், எனக்கென்ன. ஆனா கல்லை நான் தூக்க மாட்டேன். அதை நீ தூக்கிக்க."

இறங்கும்போது இன்னொன்றும் சொன்னான்: "நீ போயிட்டா வியாழக்கிழமை சீட்டாட்டத்துக்கு மூணு பேர்தான்டா."

ஹால்வோர் இவ்வளவு பாசமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில் அருங்காட்சியகத்துடையது. மேசையும். எனக்கென்று இருப்பது நாலு பெட்டி புத்தகம், ஒரு வாணலி, இந்த நோட்டுகள். மூட்டை கட்ட அரை நாள் போதும். இருபத்தேழு வருடத்துக்கு அரை நாள்.

மற்றும் ஒரு பழுப்புக் காலணி.

மார்ச் 7, வியாழன்

நாளை சூரியன். நாளைக்குச் சொல்கிறேன்.

போன வாரமும் இதையே சொன்னேன். ஆனால் அப்போது சூரியன் இல்லை.

மார்ச் 8, வெள்ளி

நான்கு மாதத்துக்குப் பிறகு ஊருக்குள் வெயில் விழும் நாள். வழக்கம்போல எல்லாரும் உணவுக்கூடத்தின் பழைய படிக்கட்டில். குழந்தைகள் முகத்தில் மஞ்சள் சாயம். சோம்ஜாய் நடுவில் மஞ்சள் கிரீம் வைத்த பன்னுகளைத் தட்டில் சுமந்துகொண்டு வந்தாள்.

நான் பழுப்புக் காலணியில் போனேன். வேண்டுமென்றே. சிக்னே என் கறுப்புக் காலணியில் நின்றாள். அவள் பார்வை என் காலில் விழுந்தது. பன்னைக் கடித்த வாய் அப்படியே நின்றது.

"ரெண்டு விஷயம் சொல்லணும்" என்றேன்.

"சின்னதை முதல்ல சொல்லுங்க."

"ஷூ."

"ஐயோ!" என்றாள். "ஐயோ, அது நீங்களா? நான்தாங்க முதல்ல எடுத்தேன்! அன்னைக்குக் கிளம்பற அவசரத்துல இருட்டுல கால் விட்டுட்டேன். விடுதிக்குப் போய்ப் பார்த்தா... ஆய்வுக்கு வந்த முதல் நாளே யாரோட ஷூவையோ தூக்கிட்டுப் போயிட்டேன்னு பேரு வருமேன்னு வாயே திறக்கலை. ஐந்து வாரம்! என் விரல் ரெண்டுக்கு உணர்ச்சியே இல்லை!"

அப்படியானால் அலமாரியில் மிச்சம் இருந்ததைத்தான் நான் போட்டுக்கொண்டேன். ஐந்து வாரம் சும்மா குற்றவாளியாக இருந்திருக்கிறேன். சந்தோஷப்பட நேரமில்லை.

"பெரியது?"

"ஒலுஃபினா எங்க பெரியம்மா வீட்டுப் பசு."

மலை விளிம்பில் வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. குழந்தைகள் கத்த ஆரம்பித்தார்கள். சிக்னே என்னையே பார்த்தாள்.

"தாங்கென்?"

"மீன் உருண்டை டப்பா."

"கரண்டி?"

"வாங்கினது."

"அந்த வரி? சமையல்காரி?"

"கடைசி எழுத்து மேல கறை. 'ரி'ன்னு நான் போட்டுக்கிட்டேன்."

சூரியன் வந்தது. எல்லார் முகமும் மஞ்சள். மூன்று நிமிஷம்கூட இருக்காது. வெயில் போன பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"பால் கொடுத்துச்சா?"

"நிறைய. ஆனா உதைக்கும்."

சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. சத்தம் போடாத கோபம். "உன்னி அம்மாவுக்கு யார் எழுதறது?"

"நான்."

"இன்னைக்கே."

"இன்னைக்கே."

"பிரதி எனக்கு வேணும். அந்தப் புத்தகமும் வேணும். பழைய தாள் பார்க்கறவங்க கிட்ட அனுப்பி அந்தக் கறைக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்ப்போம். யாரா இருந்தாலும் சரி, இருந்த ஆளைத் தெரிஞ்சுக்குவோம்."

நாலு படி இறங்கியவள் நின்று திரும்பினாள். 1923இன் உத்தரவை அவளும் படித்தவள்தானே.

"உரியவ வந்து கேட்டா கொடுக்கணும், இல்லையா? கேக்கறேன். என் ஷூ."

படிக்கட்டில் உட்கார்ந்து, பனியில் காலுறையோடு, ஊர் முழுக்கப் பார்க்க மாற்றிக்கொண்டோம். என்னுடையது முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது மாதிரி இருந்தது. குளிர் அதே குளிர்.

உன்னிக்கு எழுதினேன். ஏழு முறை கிழித்தேன். எட்டாவதில் பசுவைப் பற்றி ஒரே ஒரு வரி, மன்னிப்பு மூன்று வரி.

மார்ச் 9, சனி

சோம்ஜாயிடம் சொன்னேன். தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைப் பலகையை மாற்ற வேண்டியிருக்குமே என்றேன்.

"எதுக்கு? பசுன்னாலும் பேரு நல்லாத்தானே இருக்கு." அப்புறம், "எங்க அண்ணன் பொய் சொல்வாருன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் தாங்கும்னுதான் தெரியாது."

மார்ச் 19, செவ்வாய்

உன்னியிடமிருந்து பதில்: "எங்கள் குடும்பத்தில் இப்போது ஒரே கட்சிதான். உங்களைத் திட்டும் கட்சி. அத்தை இன்னும் காணாமல்தான் இருக்கிறார். அதற்கு நீங்கள் காரணம் இல்லை. கோடையில் வருவதாக இருக்கிறோம், கல் இல்லாமல். அந்தப் புகார்ப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சூப் கேட்டவர்களில் எங்கள் ஆள் யாராவது இருக்கலாம்."

இரண்டு முறை படித்தேன். ஹால்வோரிடம் பதினேழு இருக்கைக்குச் சொல்லிவைத்தேன்.

மார்ச் 28, வியாழன்

அறிக்கை வந்தது. மூட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். இரண்டு வருடம் நீட்டிப்பு, பிறகு மறுபடி பார்ப்பார்கள். வீடு உண்டு.

காரணம் ஒலுஃபினா இல்லை. புகார்ப் புத்தகம். "இந்தக் குடியிருப்பின் முதல் சட்டம் மாறிப்போன காலணியிலிருந்து பிறந்தது. சட்டம் போட்டவர் ஆணா பெண்ணா தெரியவில்லை. சூப் இருந்தது உறுதி. அந்தப் பழக்கம் மட்டுமல்ல, அந்தத் தவறும் இன்றுவரை உயிரோடு இருக்கிறது என்பதை ஆய்வாளர் நேரில் அறிவார்."

பலகையை எடுக்கச் சொல்லவில்லை. கீழே இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். என் கையெழுத்தில், எல்லாருக்கும் தெரியும்படி. சேர்த்துவிட்டேன்:

"இந்தப் பெண் இங்கே இருந்ததற்குச் சான்று இல்லை. ஒரு பசு வேறிடத்தில் இருந்ததற்கு உண்டு."

வருகிறவர்கள் இப்போது பலகைக்கு முன்னால் முன்பைவிட அதிக நேரம் நிற்கிறார்கள். இன்று சீட்டாட்டம். நாலு பேர்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இனி இந்த நோட்டிலும் பொய் இல்லை என்று முடிவு. இதுவரையும் இல்லை, அது வேறு விஷயம்.

ஏப்ரல் 11, வியாழன்

புகார்ப் புத்தகம் திரும்பி வந்தது, நல்ல அட்டைப் பெட்டியில். தாள் பார்ப்பவர்களின் கடிதம் அரைப் பக்கம்.

கடைசி எழுத்தை மீட்க முடியவில்லை. கறை காபிதான், ஆனால் எழுத்து கறையால் அழியவில்லை. காபி கொட்டியதும் யாரோ அவசரமாகத் துடைத்திருக்கிறார்கள், அப்போதுதான் பென்சில் போயிருக்கிறது. துடைத்த காகிதத்தின் துணுக்கு ஒன்று பக்கத்தில் ஒட்டியிருந்ததாம். அதை எடுத்து ஒரு சின்ன உறையில் வைத்து இணைத்திருக்கிறார்கள். அதில் ஏதோ படம் அச்சிட்டிருக்கிறது, அது என்னவென்று தங்களுக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும் என்று கேட்டிருக்கிறார்கள்.

உறையைத் திறந்தேன். நகம் அளவு கைத்துடைப்புக் காகிதம்.

மஞ்சள். பாதிக் கரண்டி.